ஓட்டம் எண்ணுவது சோறு போடுமா?

சென்ற மாதம் ஒரு சரக்குக் கணக்கு விடயமாக நயினாதீவுக்குப் போக வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணை, வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவான் இறங்குதுறை வரை பஸ்; அங்கிருந்து படகு. நான் வழமையாகச் சரக்குக் கொடுக்கும் கடைக்காரர் ஒருவர் தீவில் இருக்கிறார். பத்துப் பதினைந்து வருடப் பழக்கம். அவர் என்னை 'நானா' என்பார். நான் அவரை 'அண்ணை' என்பேன். கணக்கைப் பார்த்து முடித்து, தேநீரும் குடித்த பின்னர் அவர் மெல்ல ஒரு கதையை எடுத்தார்.

"நானா, நீங்கள் பேப்பரில தொழில் பற்றி எழுதுறனீங்கள்தானே. என்ரை பொடியனுக்கு ஒரு புத்தி சொல்லுங்கோ. உயர்தரத்தில கணிதம் படிக்கிறான். கெட்டிக்காரன். ஆனால் பின்னேரமானால் மைதானத்தில போயிருந்து ஓட்டம் எண்ணுறான். கேட்டால் கிரிக்கெட்டுக்குக் கணக்கு எழுதுறது ஒரு தொழிலாம். உது சோறு போடுமோ?"

பையன் உள்ளே போய் மூன்று சீ.ஆர். கொப்பிகளைக் கொண்டுவந்து வைத்தான். இரண்டு பருவத்தில் தீவில் நடந்த கழகப் போட்டிகள் எல்லாம் பந்துக்குப் பந்து எழுதப்பட்டிருந்தன. கடைசிக் கொப்பியின் பின்பக்கத்தில் ஓர் அட்டவணை. சோளகக் காற்று வீசும் நாட்களில் எந்த முனையிலிருந்து பந்துவீசினால் அதிக ஓட்டம் போகிறது என்று பிரித்து எழுதியிருந்தான். உண்மையைச் சொன்னால் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பிறகு அவனே இன்னொன்றைச் சொன்னான். முகம் தெரியாத ஒருவர் தொலைபேசியில் பேசினாராம். போட்டி நடக்கும்போது ஒவ்வொரு பந்தின் விபரத்தையும் உடனுக்குடன் கையடக்கத் தொலைபேசியில் அனுப்பினால் ஒரு போட்டிக்கு ஐயாயிரம் ரூபா தருவதாகச் சொன்னாராம். "மாமா, இப்பவே சம்பளம் வரத் தொடங்குது, பாருங்கோ" என்றான். தகப்பனின் முகத்தில் பாதி சந்தோஷம், பாதி சந்தேகம்.

படகுக்கு நேரமாகிவிட்டது. "யோசித்து எழுதுகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பதில்தான் இவ்வாரப் பக்கம். நம் வீடுகளிலும் இப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதால் எல்லோருக்கும் பொதுவாகவே எழுதுகிறேன்.

மூன்று வேலைகள்

விளையாட்டுப் புள்ளிவிபரவியலாளர் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் மூன்று வேலைகளாகும்.

முதலாவது, பதிவு செய்தல். மைதானத்தில் அமர்ந்து பந்துக்குப் பந்து எழுதுவது. இவரை ஸ்கோரர் என்கிறோம். இரண்டாவது, தொகுத்தல். பல போட்டிகளின் பதிவுகளை ஒன்று சேர்த்து, சரிபார்த்து, சராசரிகளையும் சாதனைகளையும் எடுப்பது. "இந்த மைதானத்தில் இது இவருடைய மூன்றாவது சதம்" என்று வர்ணனையாளர் சொன்னால், பக்கத்தில் இருந்த ஒருவர் அவரிடம் ஒரு துண்டை நீட்டியிருக்கிறார் என்று அர்த்தம். மூன்றாவது, பகுப்பாய்வு. இந்தப் பந்துவீச்சாளரை எந்த ஓவரில் போடுவது, இந்தத் துடுப்பாட்ட வீரர் எந்தப் பந்துக்குத் தடுமாறுகிறார், இந்த வீரருக்கு ஏலத்தில் எவ்வளவு கொடுக்கலாம் என்றெல்லாம் அணிக்குச் சொல்வது.

வியாபாரிகளுக்கு விளங்கும்படி சொன்னால், முதலாமவர் நாளேடு எழுதுபவர். இரண்டாமவர் பேரேடு தொகுப்பவர். மூன்றாமவர் அடுத்த மாதம் எந்தச் சரக்கை எடுக்கலாம், எதை எடுக்கக்கூடாது என்று முதலாளிக்குச் சொல்பவர். கூலியும் அந்த வரிசையிலேயே ஏறுகிறது. ஆனால் நாளேடு பிழைத்தால் மற்ற இரண்டும் பிழைக்கும் என்பதை மறக்கக்கூடாது.

நாளேடு பிழைக்காமல் இருக்கக் கிரிக்கெட்டிலேயே ஏற்பாடு உண்டு. எம்.சி.சி. வெளியிடும் கிரிக்கெட் சட்டங்களில் 3 ஆவது சட்டம் ஸ்கோரர்களைப் பற்றியது. ஒருவர் அல்ல, இருவர் நியமிக்கப்பட வேண்டும். இருவரும் தத்தமது பதிவுகள் ஒத்துப்போகின்றனவா என்று அடிக்கடி சரிபார்க்க வேண்டும். இடைவேளைகளில் நடுவர்களுடனும் ஒத்துப்பார்க்க வேண்டும்.

அதைவிட, ஸ்கோர் புத்தகமே இரட்டைப் பதிவுக் கணக்குப் போலத்தான் அமைந்திருக்கிறது. ஓர் உதாரணம். துடுப்பாட்ட வீரர்கள் எடுத்தவை 142 ஓட்டங்கள். உதிரிகள் 14, அதாவது வைட் 6, நோபோல் 1, பை 3, லெக்பை 4. மொத்தம் 156. இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். பந்துவீச்சாளர்களின் பெயரில் எழுதப்பட வேண்டியது 142 உடன் வைட்டும் நோபோலும் சேர்ந்து 149. பையும் லெக்பையும் அவர்கள் தலையில் விழாது. அந்த 7 ஐயும் கூட்டினால் மறுபடி 156. இரண்டு பக்கமும் சமப்படாவிட்டால் எங்கோ ஒரு பந்து தவறிவிட்டது. ஐந்தொகை சமப்படாத இரவில் கணக்கப்பிள்ளை தூங்க முடியாததைப் போலத்தான் நல்ல ஸ்கோரருக்கும் தூக்கம் வராது.

பெட்டி சுமந்த கணக்காளர்

இதை முழுநேரத் தொழிலாகச் செய்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று பார்ப்போம்.

அவுஸ்திரேலியாவின் பில் பெர்குசன் சிட்னியில் சிறு வேலை பார்த்துவந்த இளைஞர். உலகம் சுற்றிப் பார்க்க ஆசை, கையில் காசில்லை. அன்றைய அவுஸ்திரேலிய வீரர் மொன்ரி நோபல் ஒரு பல் வைத்தியர். பல்லைக் காட்டும் சாக்கில் அவரிடம் போய் வேலை கேட்டாராம் பெர்குசன். 1905 இல் அவுஸ்திரேலிய அணியுடன் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். வேலை இரண்டு: ஸ்கோர் எழுதுவது, அணியின் பெட்டி படுக்கைகளைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்வது. அடுத்த அரை நூற்றாண்டில் 43 சுற்றுப்பயணங்கள் போனார். பெட்டிகளையும் பார்த்துக்கொண்டதால்தான் கணக்கெழுதும் அவருக்கும் கப்பலில் இடம் கிடைத்தது.

இங்கிலாந்தின் பில் ஃப்ரிண்டால் 1966 இல் பி.பி.சி. வானொலியின் டெஸ்ட் வர்ணனைக் குழுவில் ஸ்கோரராகச் சேர்ந்தார். அந்த இடத்தில் இருந்த ஆர்தர் ரிக்லி காலமானதை அறிந்து தாமே விண்ணப்பித்துப் பெற்ற வேலை அது. 2009 ஜனவரியில் இறக்கும்வரை அந்த நாற்காலி அவருடையதாகவே இருந்தது. நேயர்கள் அவரை 'தாடிக்கார அதிசயம்' என்றே அறிவார்கள். ஆனால் அவர் வானொலியை மட்டும் நம்பி இருக்கவில்லை. ஆண்டு மலர்களைப் பதிப்பித்தார், டெஸ்ட் போட்டிகளின் தொகுதிகளை வெளியிட்டார், பத்திரிகைகளுக்கு எழுதினார். ஒரே பதிவிலிருந்து நான்கு வழிகளில் வருமானம் எடுத்தவர் அவர்.

நம் நாட்டிலும் ஒருவர் உண்டு. எஸ்.எஸ். பெரேரா இலங்கைக் கிரிக்கெட்டின் 1832 முதல் 1996 வரையான வரலாற்றையும் புள்ளிவிபரங்களையும் ஒரே பெரும் நூலாகத் தொகுத்தார். 1999 இல் அது வெளிவந்தபோது அட்டையில் ஜனசக்தி என்ற காப்புறுதி நிறுவனத்தின் பெயரும் இருந்தது. நூறாண்டுக் கணக்கை நூலாக்க ஒரு வர்த்தக நிறுவனத்தின் கை தேவைப்பட்டது என்பதை வியாபார உள்ளங்கள் கவனிக்க வேண்டும்.

எண்ணின் விலை இறங்கிய கதை

பெர்குசனின் காலத்தில் எண்ணுக்கு விலை இருந்தது. காரணம், அது அவருடைய பெட்டிக்குள் மட்டுமே இருந்தது. 1993 இல் கிரிக்கின்ஃபோ தொடங்கியபோது அந்த நிலை மாறியது. இங்கிலாந்தைச் சேர்ந்த சைமன் கிங் தொடங்கிய அந்த முயற்சியில் உலகெங்குமிருந்து இளைஞர்கள் சம்பளம் வாங்காமல் ஸ்கோர் தட்டச்சு செய்தார்கள். அதை வளர்த்தவர்களில் ஒருவர், அப்போது அமெரிக்காவில் உயர்கல்வி கற்றுவந்த தமிழரான பத்ரி சேஷாத்ரி. பின்னர் சென்னையில் பதிப்பாளராக அறியப்பட்டவரும் இவரே. அந்த நிறுவனம் 2003 இல் விஸ்டன் குழுமத்திடமும் 2007 இல் ஈ.எஸ்.பி.என். நிறுவனத்திடமும் போய்ச் சேர்ந்தது. ட்ரவிஸ் பசேவி என்ற கணனி வல்லுநர் அமைத்த 'ஸ்டாட்ஸ்குரு' வந்த பின்னர், முன்பு ஒரு வாரம் தேட வேண்டிய விடை சில நொடிகளில், அதுவும் இலவசமாகக் கிடைக்கிறது.

சட்டமும் எண்ணுக்கு உரிமை கொடுக்கவில்லை. அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கமான என்.பி.ஏ., தன் போட்டிகளின் ஸ்கோரைச் சிறு கருவியில் உடனுக்குடன் விற்ற மோட்டோரோலா நிறுவனத்துக்கு எதிராக வழக்குப் போட்டது. 1997 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் மோட்டோரோலாவின் பக்கம் தீர்ப்பளித்தது. ஸ்கோர் என்பது நடந்த ஒரு விடயம். அதை யாரும் தன் சொத்து என்று சொல்ல முடியாது என்பதே அதன் சாரம்.

ஆக, எல்லோரிடமும் உள்ள எண்ணை விற்க முடியாது. அப்படியானால் எதை விற்பது? அதற்கு ஒரு காவலாளியின் கதையைக் கேளுங்கள்.

காவலாளியின் புத்தகம்

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் பில் ஜேம்ஸ் என்பவர் உணவை டின்னில் அடைக்கும் ஆலையொன்றில் இரவுக் காவலாளி. பேஸ்போல் பிரியர். பத்திரிகைகளில் எல்லோருக்கும் கிடைக்கும் அதே எண்களை இரவெல்லாம் வைத்துக்கொண்டு, வேறு யாரும் கேட்காத கேள்விகளைக் கேட்டார். 1977 இல் 68 பக்கத்தில் தாமே ஒரு நூலை வெளியிட்டார். விற்றவை சுமார் 75 பிரதிகள்.

அவர் விடவில்லை. அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் எழுதினார். 25 வருடங்கள் கழித்து, 2002 இன் இறுதியில், பொஸ்டன் ரெட் சொக்ஸ் அணி அவரை ஆலோசகராகச் சேர்த்துக்கொண்டது. 86 வருடங்கள் வெல்லாமல் இருந்த கிண்ணத்தை அந்த அணி 2004 இல் வென்றது. அது அவரால் மட்டும் கிடைத்த வெற்றி அல்ல. ஆனால் எண்ணைப் படிக்கத் தெரிந்த ஒருவருக்கு ஓர் அணி சம்பளம் கொடுக்கலாம் என்பது அதன் பிறகு யாருக்கும் புதுமையாக இருக்கவில்லை.

நம் பக்கத்திலும் அந்தக் காற்று வீசியது. சென்னையைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன் 2003 உலகக் கிண்ணத்தின்போது இந்திய அணியின் காணொளிப் பகுப்பாய்வாளராக இருந்தார். ஸ்போர்ட்ஸ் மெக்கானிக்ஸ் என்ற நிறுவனத்தையும் தொடங்கினார். பிரசன்னா அகோரம் பல வருடங்கள் தென்னாபிரிக்க அணியின் பகுப்பாய்வாளராக இருந்தார். 2008 இல் ஐ.பி.எல். வந்து வீரர்கள் ஏலத்துக்கு வந்த பின்னர், ஒரு வீரரின் விலை சரியா என்று சொல்லக்கூடியவருக்கும் விலை ஏறியது.

நயினாதீவுத் தம்பியின் காற்று அட்டவணை எனக்கு ஏன் பிடித்தது என்று இப்போது விளங்கியிருக்கும். ஓட்டங்களை யாரும் எண்ணலாம். காற்றையும் முனையையும் சேர்த்துக் கேட்ட கேள்வி அவனுடையது.

ஓர் ஓட்டம் தவறியபோது

எண் சரியாக இருந்தும் வாசித்தவர் பிழைத்தால் என்ன நடக்கும் என்பதை இலங்கை ரசிகர்கள் நன்றாக அறிவார்கள்.

மழையால் தடைப்படும் போட்டிக்கு நியாயமான இலக்கு எது என்பது பழைய தலையிடி. 1992 உலகக் கிண்ண அரையிறுதியில் தென்னாபிரிக்காவுக்கு 13 பந்துகளில் 22 ஓட்டங்கள் தேவைப்பட்டன. மழை நின்றபோது ஒரு பந்தில் 21 என்றாகிவிட்டது. அந்த அநியாயத்துக்கு மருந்து தேடியவர்கள் இரண்டு ஆங்கிலேயர்கள். அணுசக்தித் துறையில் பணியாற்றிய பிராங்க் டக்வர்த், பல்கலைக்கழக விரிவுரையாளர் டொனி லூயிஸ். மீதியிருக்கும் ஓவர்களையும் கையிலிருக்கும் விக்கெட்டுகளையும் ஒரு வியாபாரியின் கையிருப்பாக எண்ணிக்கொள்ளுங்கள். மழை எவ்வளவு கையிருப்பைப் பறித்ததோ அதற்கேற்ப இலக்கை மாற்ற வேண்டும் என்பதே அவர்களின் முறை. 1997 ஜனவரி 1 ஆம் திகதி சிம்பாப்வே - இங்கிலாந்து போட்டியில் அது முதன்முதலாகப் பயன்பட்டது.

2003 மார்ச் 3 ஆம் திகதி டர்பனில் இலங்கையும் தென்னாபிரிக்காவும் உலகக் கிண்ணத்தில் மோதின. இலங்கை 9 விக்கெட்டுக்கு 268. தென்னாபிரிக்கா துடுப்பெடுத்தாடும்போது மழை தூறத் தொடங்கியது. 45 ஆவது ஓவர் முடிவில் 229 எடுத்தால் போதும் என்று உள்ளேயிருந்து செய்தி போனது. முரளிதரனின் ஓவரில் மார்க் பவுச்சர் ஒரு ஆறு அடித்து 229 க்குக் கொண்டுவந்தார். கடைசிப் பந்தை ஓட்டம் எடுக்காமல் தட்டிவிட்டார். மழை கொட்டியது; ஆட்டம் நின்றது. ஆனால் தாளில் இருந்த 229 வெற்றிக்கான எண் அல்ல, சமநிலைக்கான எண். வெற்றிக்கு 230 வேண்டும். போட்டி சமநிலையில் முடிந்தது. இலங்கை அடுத்த சுற்றுக்குப் போனது. போட்டியை நடத்திய நாடு வெளியேறியது.

தாளில் பிழை இல்லை. கூட்டலிலும் பிழை இல்லை. "இந்த எண்ணின் அர்த்தம் இது" என்று பொறுப்போடு சொல்ல ஆள் இருந்திருந்தால் அந்தக் கடைசிப் பந்தில் ஓர் ஓட்டத்துக்கு முயன்றிருப்பார்கள். தொழில் என்று ஒன்று இருக்குமானால் அது இந்த இடத்தில்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இதே கணக்குக்கு வேறொரு விடை கண்ட வி. ஜெயதேவன் கேரளத்தைச் சேர்ந்த பொறியியலாளர். அவருடைய முறை இந்திய உள்ளூர்ப் போட்டிகளிலும் தமிழ்நாடு பிரீமியர் லீக்கிலும் பயன்பட்டது. பெர்குசனுக்குப் பெட்டி, ஜேம்ஸுக்குக் காவல், டக்வர்த்துக்கு அணுசக்தி, லூயிஸுக்கு விரிவுரை, ஜெயதேவனுக்குப் பொறியியல். எல்லோருக்கும் சோறு முதலில் வேறு இடத்திலிருந்துதான் வந்திருக்கிறது.

யார் வாங்குகிறார்கள்?

எந்தத் தொழிலிலும் நான் முதலில் கேட்பது இந்தக் கேள்விதான். இன்று விளையாட்டுத் தரவை வாங்குபவர்கள் நான்கு வகை. தொலைக்காட்சியும் ஊடகங்களும் ஒன்று. அணிகளும் சங்கங்களும் இரண்டு. நூல், மலர் வெளியிடுபவர்கள் மூன்று. நான்காவது வகையினர் சூதாட்ட நிறுவனங்கள். உலகின் பெரிய விளையாட்டுத் தரவு நிறுவனங்களான ஸ்போர்ட்ராடார், ஜீனியஸ் ஸ்போர்ட்ஸ் போன்றவற்றின் வருமானத்தில் பெரும் பங்கு பந்தயம் நடத்துபவர்களிடமிருந்தே வருகிறது. இது ஒளிவு மறைவான செய்தி அல்ல. அவர்களே பங்குதாரர்களுக்குச் சொல்வது.

இப்போது தம்பிக்கு வந்த தொலைபேசிக்கு வருகிறேன். ஒரு சிறு தீவின் கழகப் போட்டியில் பந்துக்குப் பந்து யாருக்கு வேண்டும்? ரசிகருக்கு வேண்டாம், மாலையில் முடிவு தெரிந்தால் அவருக்குப் போதும். நேரலைக் காட்சி சில நொடிகள் தாமதமாகவே வீட்டுக்கு வருகிறது. அந்தச் சில நொடிகளுக்கு முன்பே விடயம் தெரிய வேண்டியவர் பந்தயக்காரர் ஒருவரே. காட்சியே இல்லாத சிறு போட்டி என்றால் மைதானத்தில் இருக்கும் பையன்தான் அவருக்குக் கண். வாங்குபவர் தன் பெயரையும் முகவரியையும் சொல்லாமல் காசை மட்டும் சொன்னால் அது என்ன சரக்கு என்று வியாபாரிக்கு விளங்க வேண்டும்.

இதன் மறுமுனையில் என்ன இருக்கிறது என்பதற்கும் உதாரணம் உண்டு. 2020 ஜூன் 29 ஆம் திகதி பதுளையில் 'ஊவா ரி-20 லீக்' என்ற போட்டி நடப்பதாக இணையத்தில் நேரலை ஓடியது. ஸ்கோரும் ஓடியது. ஆனால் பதுளையில் அப்படி ஒரு போட்டியே நடக்கவில்லை. உண்மையில் அது இந்தியாவின் பஞ்சாப் மாநிலத்தில், சண்டிகாருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சூதாட்டத்துக்காக நடத்தப்பட்ட நாடகம். 2022 இல் குஜராத்தின் மோலிபூர் கிராமத்தில் வயல் கூலிகளுக்குச் சட்டை மாட்டி, ரஷ்யாவிலிருந்த பந்தயக்காரர்களுக்காக ஒரு போலி லீக் நடத்தியவர்களைப் பொலிஸார் பிடித்தனர். அங்கும் யாரோ ஒருவர் உட்கார்ந்து ஓட்டங்களை எண்ணியிருக்கிறார். எண்கள் சரியாகவே கூட்டப்பட்டிருக்கலாம். சாட்சி பொய்.

ஹராமான வருமானம் என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அண்ணையின் வீட்டுக்கு அந்தச் சொல் இல்லாவிட்டாலும் அர்த்தம் ஒன்றுதான். மார்க்கத்தை ஒருபுறம் வைத்து வெறும் வியாபாரமாகப் பார்த்தாலும் கணக்கு உதைக்கிறது. விளையாட்டு மோசடிகளைக் குற்றமாக்கும் சட்டத்தை 2019 நவம்பரில் நம் பாராளுமன்றம் நிறைவேற்றியது. அதன்கீழ் பத்து வருடம் வரை சிறை உண்டு. உள்தகவலைச் சூதாட்டத்துக்குக் கொடுப்பதும் அதில் அடங்கும். இன்று ஸ்கோரைக் கேட்பவர் நாளை "நாளைக்கு யார் ஆடுகிறார்கள்?" என்று கேட்பார். இந்தியாவிலோ 2025 ஓகஸ்டில் காசு வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் சட்டத்தால் தடைசெய்யப்பட்டன; இந்திய அணியின் சட்டையில் இருந்த ட்ரீம்11 நிறுவனத்தின் பெயரும் இறங்கியது. ஒரு சட்டத்தில் உதிரும் வருமானத்தின்மேல் ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைக் கட்டலாமா?

என்னுடைய ஒரு பிழை

உபதேசம் செய்வதற்கு முன் என் கணக்கையும் ஒப்புக்கொள்கிறேன். இளவயதில் யாழ்ப்பாணத்தில் எங்கள் கழகத்துக்கு நானும் ஸ்கோர் எழுதியிருக்கிறேன். ஒரு நாள் நடு ஓவரில் தேநீர் குடிக்கப் போய்விட்டேன். வந்து பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டு இட்டு நிரப்பினேன். அன்று ஒருவர் 49 இல் ஆட்டமிழந்ததாக என் புத்தகம் சொன்னது. "ஒரு ஓட்டத்தை லெக்பை என்று எழுதிவிட்டாய், என் துடுப்பில் பட்டது" என்று அவர் சொன்னார். நான் ஏற்கவில்லை. மொத்தம் சமப்பட்டதுதானே என்று வாதாடினேன்.

1990 ஒக்டோபரில் ஊரை விட்டு வந்தபோது அந்தப் புத்தகமும் போய்விட்டது. பல வருடங்கள் கழித்துப் புத்தளத்தில் ஒரு திருமண வீட்டில் அவரைச் சந்தித்தேன். பேரப்பிள்ளைகளோடு இருந்தார். சலாம் சொல்லி, சுகம் விசாரித்த பின்னர் அவர் கேட்டது: "தம்பி, அது அம்பதுதானே?" அவர் வாழ்நாளில் அடித்த ஒரே அரைச்சதமாம் அது. ஆம் என்று சொல்லவும் என்னால் முடியவில்லை. இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. நான் பார்க்காத பந்து அது.

டொன் பிரட்மனின் டெஸ்ட் சராசரி 99.94. கடைசி இன்னிங்ஸில் அவர் நான்கு ஓட்டங்கள் எடுத்திருந்தால் 6,996 என்பது 7,000 ஆகி, சராசரி சரியாக 100 ஆகியிருக்கும். 1948 இல் எழுதிய அந்தப் பூச்சியத்தை இன்றுவரை யாரும் மாற்றவில்லை. மாற்ற மாட்டார்கள் என்பதால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. பெரியவருக்கும் இரங்காத பதிவுதான் சிறியவரையும் காப்பாற்றும். என் புத்தகம் அப்படி இருக்கவில்லை. பதிவு என்பது அமானிதம் என்பதை நான் அன்று விளங்கியிருக்கவில்லை.

தம்பிக்கு என் கணக்கு

அண்ணைக்கும் தம்பிக்கும் என் பதில் இதுதான்.

முதலாவது, உயர்தரத்தை முடிக்க வேண்டும். புள்ளிவிபரவியலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே கணித, புள்ளிவிபரவியல் துறை இருக்கிறது. அந்தப் படிப்புக்கு வங்கி, காப்புறுதி, வைத்திய ஆராய்ச்சி, தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் என்று பல வாசல்கள். விளையாட்டு அதில் ஒரு வாசல். ஒரே வாசலுள்ள வீட்டைக் கட்டக்கூடாது.

இரண்டாவது, கொப்பியிலிருந்து கணனிக்கு வர வேண்டும். எக்செல்லில் தொடங்கி, இலவசமாகக் கிடைக்கும் ஆர், பைத்தன் ஆகிய கணனி மொழிகளைப் பழகலாம். பந்துக்குப் பந்து விபரங்களைக் கிரிக்ஷீட் என்ற தளம் இலவசமாகத் தருகிறது. உலகத்தரமான பயிற்சிக்கு அது போதும்.

மூன்றாவது, எல்லோரிடமும் உள்ளதை எழுதாமல் யாரிடமும் இல்லாததை எழுத வேண்டும். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் மோதும் வடக்கின் பெரும் சமர் 1904 இல் தொடங்கியது. அதற்குக் கணக்கு வைக்கப் பலர் உண்டு. தீவகப் பாடசாலைகளின் கிரிக்கெட், உதைபந்தாட்டம், கரப்பந்தாட்டம், பெண்பிள்ளைகளின் வலைப்பந்தாட்டம் ஆகியவற்றுக்கு யார் வைத்திருக்கிறார்கள்? கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பழைய மாணவர்கள் தங்கள் பாடசாலையின் பதிவை மலராகப் பார்க்க விரும்புவார்கள். நேர்மையான வாங்குபவர்கள் அவர்கள். சிறு தொகைதான், ஆனால் பெயரும் முகவரியும் உள்ள தொகை. லங்கா பிரீமியர் லீக்கில் ஆடி ஐ.பி.எல். வரை போன யாழ்ப்பாணத்து வியாஸ்காந்தைப் போல நாளை ஒரு பிள்ளை தீவிலிருந்தும் வரலாம். தேர்வாளர் கேட்கும்போது காட்டப் பதிவு இருக்க வேண்டாமா?

நான்காவது, தனியாக எழுதக்கூடாது. இன்னொரு பையனையோ பெண்ணையோ சேர்த்து இருவராக எழுதுங்கள். ஒத்துப்பார்த்துக் கையெழுத்திடுங்கள். பிழை தெரிந்தால் அழிக்காமல் கோடிட்டுத் திருத்தி, திகதி போடுங்கள். ஸ்கோரர் பயிற்சிபற்றி இலங்கைக் கிரிக்கெட் நடுவர்கள், ஸ்கோரர்கள் சங்கத்தில் விசாரியுங்கள்.

ஐந்தாவது, அந்தத் தொலைபேசிக்கு "வேண்டாம்" என்று சொல்லுங்கள். தம்பி, உன் வாப்பாவின், அதாவது உன் அப்பாவின், கடையில் ஒரு கடன் கொப்பி இருக்கிறது. படகு ஓடாத நாட்களில் அரை இறாத்தல் சீனி வாங்கியவரின் பெயரும் அதில் இருக்கிறது. வாங்கியவர் மறந்தாலும் அதில் எழுதியிருந்தால் மறுபேச்சில்லாமல் காசு கொடுக்கிறார். ஏன்? அந்தக் கொப்பியில் ஒருநாளும் பொய் எழுதப்படவில்லை என்று தீவு முழுக்கத் தெரியும். ஐயாயிரம் ரூபாவுக்கு விற்கக்கூடிய சாமானா அது?

சோறு போடுமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஓட்டம் எண்ணுவது மட்டும் போடாது. எண்ணியதற்கு அர்த்தம் சொல்லவும், சொன்னதற்குப் பொறுப்பேற்கவும் பழகினால் போடும். அதுவும் உடனே அல்ல. அதுவரை சோறு வேறு வழியில் வரட்டும், கொப்பி நிற்காமல் இருக்கட்டும்.

அண்ணை, அடுத்த சரக்கோடு இரண்டு ஸ்கோர் புத்தகங்கள் வருகின்றன. சட்டம் இருவரைக் கேட்பதால் இரண்டு. அவற்றின் விலையை மட்டும் கணக்கில் எழுத வேண்டாம்.